அனுஷத்துக்குக் கிழக்கே ஒரு வெடிப்பு

1863ஆம் ஆண்டு மே 20, புதன்கிழமை. மதராஸ் நுங்கம்பாக்கத்தில் கிழக்கிந்தியக் கம்பெனி கட்டிவைத்த வானாய்வகத்தில் நார்மன் ராபர்ட் போக்சன் தொலைநோக்கியில் கண் பதித்திருந்தார். தெற்கு வானில் விருச்சிகம் ஏறியிருந்தது. அனுஷத்தின் மூன்று நட்சத்திரங்கள், அவற்றை அடுத்துச் சிவந்த கேட்டை. பஞ்சாங்கம் அறிந்த ஊரில் எல்லோருக்கும் பழகிய இடம்தான். அந்த அனுஷத்துக்குச் சற்றுக் கிழக்கே, இருக்கக் கூடாத இடத்தில், ஒரு சின்ன நட்சத்திரம் நின்றுகொண்டிருந்தது.

அன்றிரவு சேலம் ஜில்லாவில் திண்ணையிலும் களத்துமேட்டிலும் படுத்திருந்தவர்களுக்கு மேலேயும் அதே வானம்தான். வைகாசி நள்ளிரவில் சேலத்திலிருந்து பார்த்தால் தேள் நேர் தெற்கே, நாமக்கல் திசையில் உயர நிற்கும். ஆனாலும் அந்தப் புதிய நட்சத்திரம் யார் கண்ணுக்கும் எட்டியிருக்காது. வெறுங்கண் 6ஆம் ஒளித்தரம் வரைதான் பார்க்கும். அது 9ஐ ஒட்டியிருந்தது. ஒளித்தரத்துக்கு ஒழுங்கான கணக்கைக் கொடுத்தவரே போக்சன்தான். ஒரு தரத்துக்கும் அடுத்ததற்கும் வெளிச்சம் 2.512 மடங்கு மாறுகிறது என்று 1856இல் அவர் வகுத்த அளவுகோல்தான் இன்றும் உலகம் முழுக்கப் புழக்கத்தில் இருக்கிறது. 1861இல் மதராஸுக்கு வந்த கையோடு, ஏப்ரலில் ஒரு சிறுகோளைப் பிடித்தார். ஆசியக் கண்டத்திலிருந்து கண்டுபிடிக்கப்பட்ட முதல் சிறுகோள் என்பதால் அதன் பெயரே ஆசியா. அப்படிப்பட்ட கண்ணுக்கு முன்னால்தான் இந்தப் புதிய விருந்தாளி நாளுக்கு நாள் மங்கி, சீக்கிரமே காணாமல் போனது.

விருச்சிகத்து மாறும் நட்சத்திரங்களின் வரிசையில் அதற்கு ‘யூ ஸ்கார்ப்பி’ என்று பெயர் விழுந்தது. போக்சனின் வானாய்வகத்தில் அந்தக் காலத்தில் வேலை மும்முரமாக நடந்தது. அவரிடம் உதவியாளராக இருந்த சிந்தாமணி ரகுநாதாச்சாரி 1867இல், தெற்கே ரெட்டிகுலம் என்ற சிறிய நட்சத்திரக் கூட்டத்தில் தாமே ஒரு மாறும் நட்சத்திரத்தைக் கண்டுபிடித்தார். ரெட்டிகுலம் இந்தக் கதையில் பின்னால் ஒருமுறை திரும்ப வரும். போக்சன் 1891இல் மதராஸிலேயே இறந்தார். 1899இல் வானாய்வகத்தின் பணி கொடைக்கானல் மலைக்கு ஏறியது. அவருடைய மாறும் நட்சத்திரக் குறிப்புகள் 1908இல்தான் இங்கிலாந்தில் அச்சாயின. யூ ஸ்கார்ப்பி ஒருமுறை வந்து அணைந்துபோன நட்சத்திரம் என்பதுதான் அதுவரை எல்லோருடைய எண்ணமும்.

1930 கோடையில் பம்பாயிலிருந்து இங்கிலாந்துக்குப் புறப்பட்ட கப்பலில், மதராஸ் பிரசிடென்சி கல்லூரியில் படித்து முடித்த 19 வயது இளைஞர் ஒருவர் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தார். சுப்ரமணியன் சந்திரசேகர். எரிந்து முடிந்த நட்சத்திரங்களின் மிச்சமான வெள்ளைக் குள்ளன்கள் பற்றிய கணக்கு அது. சூரியனின் எடையைப் பூமியின் அளவுக்குள் திணித்துவைத்த பொருள் அவை. அவற்றின் எடைக்கு ஓர் உச்சவரம்பு உண்டு என்று வந்தது விடை. இன்று ஏற்கப்படும் அந்த வரம்பு சூரியனைப் போல் சுமார் 1.4 மடங்கு. 1935 ஜனவரியில் லண்டன் கூட்டத்தில் ஆர்தர் எடிங்டன் எழுந்து அந்த முடிவையே கேலிக்குரியதாக்கினார். எடிங்டனின் சொல்லுக்கு அன்று இருந்த எடையில் அந்தக் கணக்கு பல வருடம் ஓரங்கட்டப்பட்டது. வானியல் வரலாற்றில் இவ்வளவு வீணான தாமதம் வேறொன்று இருக்குமா என்று தோன்றுகிறது. அந்தக் கணக்குக்கும் போக்சனின் நட்சத்திரத்துக்கும் தொடர்பு இருக்கலாம் என்று அன்றைக்கு எவரும் நினைத்திருக்க நியாயமில்லை.

1940இல் அமெரிக்காவில் ஹார்வர்டு வானாய்வகத்தில் ஹெலன் தாமஸ் பழைய கண்ணாடித் தகடுகளை எடுத்து ஆராய்ந்தார். வானத்தை இரவிரவாகப் படம் பிடித்து அந்த வானாய்வகம் அடுக்கி வைத்திருந்த தகடுகள் அவை. அனுஷத்துக்குக் கிழக்கே இருந்த அந்த இடத்தைத் தகடு தகடாகத் தேடினார். 1906ஆம் ஆண்டின் தகட்டில் ஒரு புள்ளி இருந்தது. 1936ஆம் ஆண்டின் தகட்டிலும் இருந்தது. இரண்டு முறையும் நட்சத்திரம் வெடித்திருக்கிறது. இரண்டு முறையும் மனிதர் யாரும் பார்க்கவில்லை. தகடு மட்டும் பார்த்து வைத்திருந்தது. 1917, 1945 வெடிப்புகளும் இதே தகடுக் குவியலிலிருந்து பல பத்தாண்டுகள் கழித்து வெளிப்பட்டன. இப்படித் திடீரென வெடித்து ஒளிரும் நட்சத்திரத்துக்கு நோவா என்று பெயர். வெடித்துச் சிதறிய பொருள் எப்படித் திரும்பத் திரும்ப வெடிக்கும்?

1954இல் மெர்ல் வாக்கர் என்ற அமெரிக்க வானியலாளர், 1934இல் வெடித்திருந்த வேறொரு நோவாவைக் கவனித்துக்கொண்டிருந்தபோது, அதன் வெளிச்சம் 4 மணி 39 நிமிடத்துக்கு ஒருமுறை மங்கித் தெளிவதைக் கண்டார். ஒன்றை ஒன்று மறைத்துச் சுற்றும் ஜோடி அது. நோவாக்கள் எல்லாமே ஜோடிகள்தான் என்பது 1960களில் உறுதிப்பட்டது. ஜோடியில் ஒன்று சாதாரண நட்சத்திரம், மற்றது வெள்ளைக் குள்ளன். சாதாரண நட்சத்திரத்தின் ஹைட்ரஜன் வாயு வழிந்து வெள்ளைக் குள்ளனின் மேல் படிகிறது. அடுக்கு தடிக்கத் தடிக்க அதன் அடியில் அழுத்தமும் சூடும் ஏறுகின்றன. சாதாரண வாயுவாக இருந்தால் சூடேறியதும் விரிந்து தானே குளிர்ந்துவிடும். வெள்ளைக் குள்ளன்மேல் நசுங்கிக் கிடக்கும் வாயு அப்படி விரிவதில்லை. சூடு அணுக்கரு இணைவைத் தூண்ட, இணைவு சூட்டை ஏற்ற, வெப்பம் பத்துக் கோடி டிகிரியைத் தாண்டும்போது மேலடுக்கு பிய்த்துக்கொண்டு நொடிக்கு ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் வேகத்தில் பறக்கிறது. குள்ளனுக்கு ஒன்றும் ஆவதில்லை. வாயு மறுபடி படியத் தொடங்குகிறது. குள்ளனின் எடை சந்திரசேகர் வரம்பை நெருங்க நெருங்க ஈர்ப்பு இறுகி, கொஞ்சம் வாயு சேர்ந்தாலே போதும் என்றாகிவிடுகிறது. யூ ஸ்கார்ப்பியின் குள்ளன் சுமார் 1.37 சூரிய எடை என்று பின்னாளில் கணக்கிடப்பட்டது. வரம்பின் வாசற்படி! பெரும்பாலான நோவாக்கள் பல ஆயிரம் வருடத்துக்கு ஒருமுறை வெடிக்கும்போது இது ஏறக்குறையப் பத்து வருடத்துக்கு ஒருமுறை வெடிப்பதன் ரகசியம் அந்தக் கப்பல் கணக்கில்தான் இருந்தது. ஆனால் வெடிப்பின் வெளிச்சத்தில் எதைப் பார்த்தாலும், பறந்துபோகும் வாயுவின் வெளிப்பக்கம்தான் தெரிந்தது. உள்ளே இருக்கும் உலை தெரியவில்லை.

அந்த உலையின் ஒளி எந்த நிறத்தில் இருக்கும்? நாமக்கல், திருச்செங்கோட்டு லாரிப் பட்டறைகளில் இரும்பைக் காய்ச்சும்போது முதலில் சிவக்கும், பிறகு ஆரஞ்சாகும், மேலும் ஊதினால் வெளுக்கும். சூடு ஏற ஏற ஒளி சிவப்பிலிருந்து நீலத்தின் பக்கம் நகர்கிறது. இரும்பு ஆவியாகிவிடும் என்பதை மறந்து இன்னும் ஏற்றிக்கொண்டே போனால் புற ஊதாவுக்குப் போகும். சில லட்சம் டிகிரியில் எக்ஸ்ரேயைத் தொடும். வெள்ளைக் குள்ளனின் மேற்பரப்பில் மிஞ்சிய ஹைட்ரஜன் எரிந்துகொண்டிருந்தால் அதன் ஒளி அங்கேதான் இருக்க வேண்டும். ஆனால் எக்ஸ்ரேயில் ஒரு துளிகூடப் பூமியின் காற்றைத் தாண்டித் தரைக்கு வராது. எவ்வளவு பெரிய தொலைநோக்கியைக் கட்டினாலும் பயனில்லை.

1962 ஜூன் 18 இரவு, அமெரிக்காவின் நியூ மெக்சிகோ பாலைவனத்திலிருந்து ஓர் ஏரோபீ ராக்கெட் கிளம்பியது. ரிக்கார்டோ ஜியாகோனியின் குழு அதில் எக்ஸ்ரே எண்ணும் கெய்கர் கருவிகளை வைத்திருந்தது. முந்தைய அக்டோபரில் ஏவிய ராக்கெட்டில் கருவியை மூடியிருந்த கதவுகள் திறக்கவே இல்லை, மொத்தமும் பாழ். இந்தமுறை திறந்தன. அவர்கள் தேடியது நிலாவை. சூரியனின் எக்ஸ்ரே பட்டு நிலாப் பாறைகளும் எக்ஸ்ரேயில் மிளிர வேண்டும், அதை வைத்துப் பாறை என்னவென்று சொல்லிவிடலாம் என்பது திட்டம். சுமார் ஆறு நிமிடம்தான் அவகாசம். நிலாவிலிருந்து எதுவும் வரவில்லை. வேறு திசையிலிருந்து, எவரும் எதிர்பாராத அளவுக்கு எக்ஸ்ரே கொட்டியது. அது வந்த திசை விருச்சிகம்.

சூரியனுக்கு வெளியே மனிதன் கண்ட முதல் எக்ஸ்ரே நட்சத்திரம் அது. ஸ்கார்ப்பியஸ் எக்ஸ்-1 என்று பெயர். யூ ஸ்கார்ப்பிக்கும் அதற்கும் வானத்தில் இடைவெளி சுமார் இரண்டேகால் டிகிரி, அதாவது ஐந்து முழு நிலாக்களைக் கூட ஒட்டிவைக்க முடியாத அகலம். இரண்டும் வெவ்வேறு தூரத்தில் உள்ள, தொடர்பில்லாத பொருள்கள்தான். ஸ்கார்ப்பியஸ் எக்ஸ்-1இல் இருப்பது வெள்ளைக் குள்ளனைவிட நெருக்கமான நியூட்ரான் நட்சத்திரம். ஆனாலும் போக்சனின் நோவாக் கதையும் எக்ஸ்ரே வானியலின் கதையும் விருச்சிகத்தின் ஒரே மூலையில் தொடங்கியது எவ்வளவு அழகான தற்செயல்! 1968இல் டாடா அடிப்படை ஆய்வு நிறுவனத்தார் ஹைதராபாத்திலிருந்து பலூன்கள் விட்டு இந்த ஸ்கார்ப்பியஸ் எக்ஸ்-1ஐ அளந்தார்கள். இந்திய எக்ஸ்ரே வானியலின் தொடக்கமும் அந்த மூலைதான். ஜியாகோனிக்கு 2002இல் நோபல் கிடைத்தது. அவர் தேடிக் கிடைக்காத நிலா எக்ஸ்ரேயும் வீண்போகவில்லை. சந்திரயான்-2 அதே முறையில்தான் நிலாத் தரையின் தனிமங்களைப் படித்தது. அந்தத் திட்டத்தின் லேண்டரையும் ரோவரையும் பூமியில் சோதிக்க நிலா மண்ணுக்கு ஈடான மண் தேவைப்பட்டபோது, அதற்கான அனார்த்தோசைட் பாறை நாமக்கல் மாவட்டத்துச் சித்தம்பூண்டி, குன்னமலைப் பகுதியிலிருந்துதான் போனது. ஆனால் நோவாவிலிருந்து வரும் எக்ஸ்ரே மட்டும் ஜியாகோனியின் ராக்கெட்டுக்குப் பிறகு இருபது வருடத்துக்கு மேல் போக்குக் காட்டியது.

1984 ஏப்ரலில் எக்ஸோசாட் என்ற ஐரோப்பியச் செயற்கைக்கோள், முந்தைய ஆண்டு வெடித்திருந்த ஒரு தென்வான நோவாவிலிருந்து மங்கலான எக்ஸ்ரேயைப் பிடித்தது. வெடித்து ஒரு வருடத்துக்கு மேல் ஆகியும்! கண்ணுக்கான வெளிச்சம் எப்போதோ வடிந்திருந்தது. ஏன் இவ்வளவு தாமதமாக? அதற்கு விடை தேடும் முன்பே 1985 ஜனவரி கடைசியில் ஆர்.எஸ். ஓஃபியூக்கி என்ற இன்னொரு திரும்பி வரும் நோவா வெடித்தது.

இந்தமுறை தமிழ்நாடும் தயாராக இருந்தது. சேலத்திலிருந்து அரூர், ஊத்தங்கரை, திருப்பத்தூர் வழியாக ஏறினால் ஜவ்வாது மலையில் காவலூர். திருப்பத்தூர் தாலுகா ஒரு காலத்தில் சேலம் ஜில்லாவில்தான் இருந்தது. கொடைக்கானலில் மேகம் அடிக்கடி மறைப்பதால் வேறு இடம் தேடிய வைணு பாப்பு, 1960களில் இந்தக் காட்டு மேட்டைத் தேர்ந்தெடுத்தார். 1985இல் அங்கிருந்த ஒரு மீட்டர் தொலைநோக்கியில் ஜி.சி. அனுபமாவும் டி.பி. பிரபுவும் விடியலுக்கு முன் எழும் அந்த நோவாவின் நிறமாலையை இரவிரவாகப் பதிவு செய்தார்கள். அதில் சூரியனின் கரோனாவில் தென்படுவதைப் போன்ற இரும்புக் கோடுகள் எழுந்தன. இரும்பு அணுவிலிருந்து பல எலக்ட்ரான்கள் பிடுங்கப்பட்டால்தான் அந்தக் கோடுகள் வரும். அதற்கு லட்சக்கணக்கான டிகிரி சூடு வேண்டும். அதே வெடிப்பில் எக்ஸோசாட் மேலிருந்து வலுவான எக்ஸ்ரேயைப் பார்த்தது. இந்த ஜோடியில் துணை நட்சத்திரம் ஒரு சிவப்பு அரக்கன். அது சதா வாயுவைக் காற்றாக வீசிக்கொண்டிருக்கும். வெடித்துப் பறந்த வாயு அந்தக் காற்றில் மோதியதில் எழுந்த சூடுதான் எக்ஸ்ரே. ஆக, நோவா எக்ஸ்ரேக்கு ஒரு வழி தெரிந்துவிட்டது: மோதல். ஆனால் இது வெளியே நடக்கும் சண்டை. உலை இன்னும் தெரியவில்லை.

1999 பிப்ரவரி 25இல் யூ ஸ்கார்ப்பி மறுபடி எழுந்தது. பெப்போசாக்ஸ் என்ற இத்தாலிய-டச்சுச் செயற்கைக்கோள், வெடித்த 19, 20ஆம் நாள்களில் அதன் பக்கம் திரும்பியது. நட்சத்திரத்தின் வெளிச்சம் அதற்குள் நன்றாக மங்கிவிட்டிருந்தது. முன்பெல்லாம் கதை முடிந்தது என்று தொலைநோக்கியைத் திருப்பிக்கொள்ளும் கட்டம் அது. அப்போதுதான் எக்ஸ்ரே பிரகாசமாக வந்துகொண்டிருந்தது. மிக மென்மையான எக்ஸ்ரே, சுமார் 9 லட்சம் டிகிரி. மருத்துவமனையில் எலும்பைப் படம் எடுக்கும் எக்ஸ்ரேக்குப் பல பத்து கிலோ எலக்ட்ரான் வோல்ட் ஆற்றல். இதற்கு ஒன்றுக்கும் குறைவு, கையின் தோலைக்கூடத் தாண்டாது. அந்த மென்மையில்தான் புதிர் அவிழ்ந்தது. வெடிப்பு எல்லா வாயுவையும் தூக்கி எறிவதில்லை. மிச்சம் குள்ளனின் மேல் ஒட்டிக்கொண்டு தொடர்ந்து எரிகிறது. முதல் நாள்களில் பறக்கும் வாயு கனமாகத் திரை போட்டு அந்த மென்மையான எக்ஸ்ரேயை விழுங்கிவிடுகிறது. வாயு விரிந்து மெலிந்து, கண்ணுக்கான வெளிச்சம் போன பிறகே திரை விலகி உலை தெரிகிறது. யூ ஸ்கார்ப்பியில் திரை சில நாளில் விலகும். 1983 நோவா போன்றவற்றில் நீண்ட காலம் பிடிக்கும். போக்சன் நட்சத்திரம் மறைந்துவிட்டதென்று கண்ட அந்த நாள்களில் அது உச்சகட்ட எக்ஸ்ரேயில் ஜொலித்திருக்க வேண்டும்.

அதே 1999 ஜூலையில் கொலம்பியா விண்ணோடம் ஒரு பெரிய எக்ஸ்ரே தொலைநோக்கியை ஏற்றிச் சென்றது. நான்கு வருடத்துக்கு முன் மறைந்திருந்த மதராஸ் இளைஞரின் பெயரால் அதற்குச் சந்திரா என்று பெயர். அடுத்த வெடிப்புக்குச் சந்திராவும் மற்றவையும் காத்திருக்க வேண்டும், ஆனால் எப்போது? ஹார்வர்டு தகடுகளில் மூழ்கியிருந்த பிராட்லி ஷேஃபர் 2005இல் தேதியே குறித்தார்: 2009 முன்பகுதி, ஒரு வருடம் முன்பின். அமெச்சூர் நோக்கர்கள் உலகெங்கும் காவல் இருந்தார்கள். 2009 போய்விட்டது. கார்த்திகை மாதம் சூரியன் விருச்சிகத்துக்குள் நுழைந்து நட்சத்திரத்தை மறைத்தது. அந்தச் சில வாரத்துக்குள் வெடித்திருந்தால் எல்லாம் வீண்.

2010 ஜனவரி 28 விடியலில் ஃபுளோரிடாவில் பார்பரா ஹாரிஸ் பார்த்தபோது அது 8ஆம் ஒளித்தரத்தில் நின்றது. செய்தி பறந்தது. ஸ்விஃப்ட் செயற்கைக்கோள் உடனே பார்வையைத் திருப்பியது. சுமார் 12ஆம் நாள் திரை விலகி மென் எக்ஸ்ரே எழுந்தது. 18ஆம் நாள் சந்திரா அதன் நிறமாலையைப் பதிந்தது. இந்த ஜோடி 29 மணி நேரத்துக்குச் சற்று அதிகமாக எடுத்து ஒன்றை ஒன்று சுற்றுகிறது. ஒவ்வொரு சுற்றிலும் துணை நட்சத்திரம் குள்ளனை மறைக்கும். எக்ஸ்எம்எம்-நியூட்டன் என்ற ஐரோப்பியத் தொலைநோக்கி பார்த்தபோது மறைப்பின் நடுவிலும் எக்ஸ்ரே முற்றிலும் அணையவில்லை. சுற்றியிருந்த வாயுவில் பட்டு அது சிதறி வந்துகொண்டிருந்தது. லடாக்கின் ஹான்லேயில் இமாலயச் சந்திரா தொலைநோக்கியும் அதன் கண்ணுக்கான ஒளியைப் பதிந்தது. அதை நடத்தும் இந்திய வான் இயற்பியல் நிறுவனம், நுங்கம்பாக்கத்திலிருந்து கொடைக்கானல் வழியாக வளர்ந்து வந்த அதே மதராஸ் வானாய்வகத்தின் வாரிசு.

2015 செப்டம்பர் 28இல் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து அஸ்ட்ரோசாட் கிளம்பியது. அதற்கு நோவா வேட்டை வாய்த்தது 2019 ஆகஸ்டில். வி3890 சஜிட்டேரி, தனுசு ராசியின் திரும்பி வரும் நோவா. 1962இலும் 1990இலும் வெடித்தது. எட்டாம் நாள் அஸ்ட்ரோசாட்டின் மென் எக்ஸ்ரே தொலைநோக்கி பார்க்கத் தொடங்கியபோது வந்தது முழுக்கக் கடின எக்ஸ்ரே, அதாவது மோதலின் சூடு. பார்த்துக்கொண்டே இருக்கையில், வெடித்து 8.57ஆம் நாள், அடியில் மென் எக்ஸ்ரே முதன்முதலாகத் தலைகாட்டியது. சில மணி நேரம் ஏறி இறங்கித் தடுமாறியது. 8.9ஆம் நாளுக்குப் பிறகு நிலைத்தது. மோதலும் உலையும் ஒரே பார்வையில், திரை விலகும் நேரம் கைக்கெட்டிய துல்லியத்தோடு. இந்தியக் கருவி ஒன்று இதைப் பிடித்தது பெருமைப்பட வேண்டிய விஷயம். இன்னும் ஒன்றுதான் பாக்கி இருந்தது: திரை விழுவதற்கு முன், வெடித்த அந்தக் கணத்து எக்ஸ்ரே.

அதைக் கோட்பாட்டுக் கணக்கு 1990இலேயே சொல்லியிருந்தது. மேலடுக்கு விரிந்து குளிர்வதற்கு முன் சில மணி நேரம் குள்ளன் எக்ஸ்ரேயில் பளீரிட வேண்டும். ஆனால் நோவா வெடித்தது தெரிந்து திரும்புவதற்குள் அது முடிந்துவிடும். 2020 ஜூலை 7இல் ஈரோசிட்டா தொலைநோக்கி 4 மணி நேரத்துக்கு ஒருமுறை வானத்தைத் துடைத்துக்கொண்டு போகும்போது ஓர் இடத்தில் கருவியே திணறும் அளவுக்கு எக்ஸ்ரே வந்தது. நாலு மணி நேரத்துக்கு முன் அங்கே ஒன்றும் இல்லை. நாலு மணி நேரத்துக்குப் பின்னும் இல்லை. வெப்பம் மூன்றேகால் லட்சம் டிகிரி. அங்கே ஒரு நோவா இருப்பதைத் தரையில் இருந்தவர்கள் ஜூலை 15இல்தான் கண்டுபிடித்தார்கள். அந்த இடம் ரகுநாதாச்சாரியின் ரெட்டிகுலம்.

2022 ஜூன் 6இல் யூ ஸ்கார்ப்பி மறுபடி வெடித்தது. ஜப்பானில் மசயூகி மொரியாமா முதலில் பார்த்தார். உக்ரைன் போரை அடுத்து, ரஷ்ய விண்கலத்தில் இருந்த ஈரோசிட்டா பிப்ரவரி 26இலேயே நிறுத்திவைக்கப்பட்டிருந்தது. சரியாக நூறு நாள் முன்பு. அது விழித்திருந்தாலும் அந்தச் சில மணி நேரத்தில் விருச்சிகத்தின் பக்கம் திரும்பியிருந்தால்தான் பிடித்திருக்கும். போக்சனின் நட்சத்திரத்தில் அந்த முதல் பளிச்சிடலை இன்னும் எவரும் பார்க்கவில்லை. குள்ளன்மேல் ஹைட்ரஜன் மறுபடி படிந்துகொண்டிருக்கிறது. பழைய கணக்குப்படி அடுத்த வாய்ப்பு 2030களின் தொடக்கத்தில்.